தட்டைத் தலைக்கு ஹெல்மெட்: எப்போது, எதற்கு?

11 பிப்ரவரி 2024. லண்டன் பக்கம் கிராய்டனிலிருந்து ஒரு அப்பா கேட்டது:

மகனுக்கு நான்கரை மாதம். பின்மண்டை வலது பக்கம் பலகை மாதிரி தட்டையாக இருக்கிறது. ஜி.பி. (குடும்ப டாக்டர்) இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "தானாகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். மனசு கேட்காமல் ஒரு தனியார் இடத்தில் அளந்து பார்த்தோம். "கடுமையான" வகையாம். ஆறு மாதத்துக்குள் தலை வடிவத்தைத் திருத்தும் ஹெல்மெட் போட்டால்தான் முழுப் பலன், அப்புறம் வருத்தப்பட்டுப் பயனில்லை என்கிறார்கள். 2,500 பவுண்டு. மனைவி போடலாம் என்கிறாள். அம்மா ஊரிலிருந்து போனில் அழுகிறார். போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எப்போது முடிவெடுக்க வேண்டும்?

12 பிப்ரவரி 2024

போட்டவள் நான். மகளுக்கு இப்போது ஐந்து வயது. ஆனால் ஹெல்மெட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பையன் கழுத்தை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திருப்புகிறானா? இன்றைக்கே பாருங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, தோள் எழும்பாமல் லேசாகப் பிடித்துக்கொண்டு, கிலுகிலுப்பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள். முகவாய் இரண்டு தோளுக்கும் நேராக வருகிறதா, ஒரு பக்கம் பாதியிலேயே நின்றுவிடுகிறதா?

எங்கள் வீட்டில் ஐந்து மாதம் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கழுத்தைப் பார்க்கவில்லை. இடது பின்மண்டை தட்டை, இடது காது வலது காதைவிட முன்னால், இடது நெற்றி லேசாகப் புடைப்பு. மேலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்தில் வரைந்த இணைகரம்தான். ஆறாவது வாரப் பரிசோதனையில் ஜி.பி. சொன்னது உங்களுக்குச் சொன்ன அதே வாக்கியம். நாலாவது மாதம் ஹெல்த் விசிட்டர் (குழந்தையைப் பார்க்க வரும் நர்ஸ்) "குப்புறப் படுக்க வைத்து விளையாட விடுங்கள்" என்றார். விட்டோம். அவள் கத்தினாள். எடுத்துவிட்டோம். ஐந்தாவது மாதம் தனியார் இடத்தில் அளந்தோம்: தலையின் குறுக்கே மூலைக்கு மூலை எடுத்த இரண்டு மூலைவிட்டங்களுக்கு நடுவே 14 மில்லிமீட்டர் வித்தியாசம், "கடுமை". அன்றே முன்பணம் கட்டிவிட்டோம். 2,200 பவுண்டு, அன்றைய கணக்கில் ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய்.

கட்டிவிட்டு வந்த வாரம்தான், ஒரு தோழி நச்சரித்ததால், குழந்தைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனோம். அவர் தலையைப் பார்க்கவே இல்லை. கழுத்தை இரண்டு விரலால் தடவிவிட்டு, "இவள் வலது பக்கம் திரும்பி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்களை அன்று இரவு உட்கார்ந்து பார்த்தோம். நூற்றுக்கணக்கான படம், எல்லாவற்றிலும் முகம் இடப்பக்கம். ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தது. "பாப்பாவுக்கு வெளிச்சம் பிடிக்கும்" என்று டைரியில் வேறு எழுதி வைத்திருந்தேன்.

காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை கயிறு மாதிரி ஒரு தசை ஓடுகிறது. வலது பக்கத் தசை குறுகி இறுகியிருந்தால் தலை வலப்பக்கம் சாயும், முகம் இடப்பக்கம் திரும்பும். முகம் எந்நேரமும் இடப்பக்கம் என்றால் படுக்கும்போது பாரம் முழுக்க இடது பின்மண்டையில். டார்டிகாலிஸ் என்பார்கள். தலை தட்டையான குழந்தைகளில் நிறையப் பேருக்குக் கழுத்தில்தான் சங்கதி இருக்கும். எனக்கு எரிச்சல் என்னவென்றால், ஹெல்மெட் விற்ற இடத்தில் தலையைச் சுற்றிக் கேமராவை ஓட்டினார்களே தவிர, ஒருவரும் கழுத்தைத் தொடவில்லை.

13 பிப்ரவரி 2024, காலை

நேற்று தூக்கத்தில் எழுதியதால் முக்கியமானதை விட்டுவிட்டேன். கழுத்துக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள இணைப்புகள் சீக்கிரமே மூடிக்கொள்வது வேறு வியாதி. பின்மண்டையில் அது மிக அபூர்வம். ஆனால் இருந்தால் ஹெல்மெட்டும் படுக்கை மாற்றமும் உதவாது, அறுவை சிகிச்சை வரை போகும். படுத்துப் படுத்து வந்த தட்டை என்றால், தட்டையான பக்கத்துக் காது முன்னால் தள்ளியிருக்கும், தலை இணைகரம். இணைப்பு மூடியதால் என்றால், அந்தப் பக்கத்துக் காது பின்னாலும் கீழேயும் இழுத்திருக்கும், காதுக்குப் பின்னால் எலும்பு முண்டும், தலை சரிவகம்.

இதை வீட்டில் அளவுகோல் வைத்துப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். ஜி.பி.யிடம் திரும்பப் போய், "இணைப்பு மூடவில்லை என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் கையால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் இங்கிலாந்தில் இதற்கென்றே நான்கு பெரிய மையங்கள் இருக்கின்றன: லண்டன், பர்மிங்காம், லிவர்பூல், ஆக்ஸ்ஃபர்ட். அங்கே அனுப்புவார்கள். உச்சிக்குழி சீக்கிரமே மூடிவிட்டது, தலைச் சுற்றளவு ரெட் புக் (குழந்தையின் வளர்ச்சியைக் குறிக்கும் புத்தகம்) கோட்டைவிட்டு இறங்குகிறது என்றால் காத்திருக்க வேண்டாம்.

பிறக்கும்போதே தட்டையாக இருந்ததா, இல்லை இரண்டு மூன்று மாதத்தில் வந்ததா? இதையும் கேட்பார்கள், யோசித்து வையுங்கள்.

15 பிப்ரவரி 2024

ஹெல்மெட்டோடு வாழ்வது எப்படி என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

ஹெல்மெட் தலையை அமுக்குவதில்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், அத்தை (மாமியார்) உட்பட. வெளியே பிளாஸ்டிக் ஓடு, உள்ளே நுரை. புடைத்த இடத்தில் ஒட்டி நிற்கும், தட்டையான இடத்தில் இடைவெளி விட்டிருக்கும். வளர்கிற தலை இடமிருக்கிற பக்கம் போகும், பூசணிப் பிஞ்சைச் சட்டிக்குள் வளர விட்டால் சட்டி மாதிரி ஆவதுபோல. அதனால்தான் வயது முக்கியமாகிறது. முதல் மூன்று மாதம் தலைச் சுற்றளவு மாதம் 2 சென்டிமீட்டர் கூடும், அடுத்த மூன்று மாதம் மாதம் 1, அதற்கு அப்புறம் மாதம் அரை. வளர்ச்சி இல்லையென்றால் ஹெல்மெட் வெறும் தொப்பி. அவர்கள் உங்களை அவசரப்படுத்துவதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

நாளுக்கு 23 மணி நேரம். குளிப்பாட்டவும் துடைக்கவும் ஒரு மணி. முதல் வாரம் படிப்படியாக ஏற்றுவார்கள். பாப்பா இரண்டே நாளில் பழகிவிட்டாள், எனக்குத்தான் பழகவில்லை. பால் கொடுக்கும்போது ஓடு என் கைமுட்டியில் இடிக்கும். உச்சி முகர முடியாது. குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். முகர்ந்தால் வந்தது வேறு வாசனை. புளித்த மாவும் நனைந்த செருப்பும் சேர்ந்த மாதிரி. தினமும் உள்ளே துடைத்துக் காயவைத்தும் போகவில்லை.

2019 ஜூலை 25ஆம் தேதி கேம்பிரிட்ஜில் 38.7 டிகிரி, அன்றைக்கு அது பிரிட்டனின் சாதனை வெயில். நாங்கள் மில்டன் கீன்ஸில் இருந்தோம், ரொம்பத் தள்ளி இல்லை. இந்த ஊர் வீடுகளில் மின்விசிறிகூடக் கிடையாது. மதியம் பார்த்தால் பாப்பா கழுத்தெல்லாம் வேர்க்குரு, முகம் தக்காளி. கழற்றி எறிந்துவிட்டேன். போன் செய்தபோது "ஒரு நாள்தானே, முடிந்தவரை போட்டு வையுங்கள்" என்றார்கள். போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. அந்த 40 மணி நேரத்துக்காக ஒரு மாதம் குற்ற உணர்ச்சியில் இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

16 பிப்ரவரி 2024

பேருந்தில் ஒரு பாட்டி, "விழுந்துவிட்டாளா?" என்று கேட்டார். ஒரு சின்னப் பையன், "உன் சைக்கிள் எங்கே?" என்றான். வீடியோ காலில் மாமா சொன்னதுதான் உச்சம்: "நம்ம ஊர்ல பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு போலீஸ் புடிக்கிறான், உங்க ஊர்ல இடுப்புல உக்கார்றதுக்கே கட்டாயமா?"

19 பிப்ரவரி 2024

ஒருவர் காரசாரமாக எழுதியிருக்கிறார்: "ஹெல்மெட் சுத்த ஏமாற்று, நெதர்லாந்தில் நிரூபித்துவிட்டார்கள்." அந்த ஆய்வை நானும் படித்தேன், ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு வருடம் கழித்து. முதல்முறை படித்தபோது அழுதேன். இரண்டாம்முறை படித்தபோது அழுகை கொஞ்சம் குறைந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஐந்து ஆறு மாதக் குழந்தைகள் 84 பேர், நடுத்தரம் முதல் கடுமை வரையிலான தட்டை. சீட்டுக் குலுக்கின மாதிரி பாதிப் பேருக்கு ஆறு மாதம் ஹெல்மெட், மீதிப் பேரைச் சும்மா விட்டார்கள். இரண்டு வயதில் அளந்தார்கள். தலை முழுக்கச் சரியானது ஹெல்மெட் போட்டவர்களில் 39 பேரில் 10, போடாதவர்களில் 40 பேரில் 9. அவ்வளவுதான் வித்தியாசம். ஹெல்மெட் போட்ட குழந்தைகளின் பெற்றோர் அத்தனை பேரும் ஏதாவது ஒரு தொந்தரவு சொன்னார்கள்: தோல் எரிச்சல், வேர்வை, நாற்றம். குழந்தையைக் கொஞ்ச முடியவில்லை என்றும் பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோதுதான் அழுதேன்.

இந்த எண்ணை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். "தானாகச் சரியாகிவிடும்" என்று ஜி.பி. சொல்வதும் இந்த ஆய்வுப்படி முழு உண்மை இல்லை. இரு தரப்பிலும் கால்வாசிப் பேருக்குத்தான் முழுக்கச் சரியானது. மற்றவர்களுக்குக் குறைந்தது, போகவில்லை. "இரண்டு வழியிலும் ஏறக்குறைய அதே அளவு குறையும்" என்று யாராவது என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இரண்டாம்முறை படித்தபோது கண்ணில் பட்டது: கழுத்துத் தசை இறுகிய குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. மிகக் கடுமையான தலைகளையும் சேர்க்கவில்லை. சேரச் சொல்லிக் கேட்கப்பட்ட பெற்றோரில் ஐந்தில் ஒரு பங்குதான் குலுக்கலுக்கு ஒத்துக்கொண்டது. ஹெல்மெட்டுகள் சரியாகப் பொருந்தாமல் நகர்ந்தன என்று வேறு பலர் குறை சொல்கிறார்கள். ஆக, என் மகள் அந்த 84 பேரில் ஒருத்தியாக இருந்திருக்கவே முடியாது. அந்த ஆய்வை வைத்து "நீ ஏமாந்தாய்" என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. "நீ செய்தது சரி" என்றும் சொல்ல முடியாது.

2016இல் அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். படுக்கும் நிலை மாற்றம், பிசியோதெரபி எல்லாம் ஒழுங்காகச் செய்து பார்த்தும் நடுத்தரமோ கடுமையோ மிஞ்சி நின்றால் ஹெல்மெட் போடலாம் என்கிறது அது. இங்கே என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) பொதுவாகக் காசு தருவதில்லை. ஒரே தலை, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பதில், இந்தப் பக்கம் ஒரு பதில்.

நாங்கள் ஹெல்மெட்டையும் கழுத்துப் பயிற்சியையும் ஒரே மாதத்தில் ஆரம்பித்தோம். அதே மாதம் அவள் உருளவும் ஆரம்பித்தாள். உருள்கிற குழந்தை பாரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். மூன்றில் எது வேலை செய்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்களை அளந்தவர்களுக்கும் தெரிந்திருக்காது, ஆனால் அவர்கள் சொன்ன தோரணையில் அது தெரியவில்லை.

20 பிப்ரவரி 2024

திருத்தம். 12ஆம் தேதி "14 மில்லிமீட்டர்" என்று எழுதினேன். நேற்று பரணில் இருந்து பழைய கோப்பை எடுத்தேன். 12 தான். ஐந்து வருடத்தில் மனசுக்குள் 2 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. தலை சரியாகிக்கொண்டு வந்தபோது கவலை மட்டும் புடைத்துக்கொண்டே போயிருக்கிறது போல.

கோப்பை எடுத்ததில் இன்னொன்றும் கிடைத்தது, கிராய்டன் அப்பா கவனிக்க வேண்டியது. நீளமான மூலைவிட்டம் 138, குட்டையானது 126. வித்தியாசத்தை மூலைவிட்டத்தால் வகுத்துச் சதவீதம் ஆக்குவார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா குழந்தைகள் மருத்துவமனையின் அளவுகோல்தான் பல இடங்களில் ஓடுகிறது: 3.5 வரை இயல்பு, 6.25 வரை லேசு, 8.75 வரை நடுத்தரம், 11 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. 12ஐ 138ஆல் வகுத்தால் 8.7. நடுத்தரம், மயிரிழையில். 126ஆல் வகுத்தால் 9.5. கடுமை! எதால் வகுப்பது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. எங்கள் தாளில் எதால் வகுத்தார்கள் என்று எழுதவே இல்லை, "கடுமை" என்று சிவப்பு மையில் மட்டும் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் நாங்கள் அன்றே அட்டையைத் தேய்த்தோம்.

நெளிகிற குழந்தையின் தலையில் கை வைத்து அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கொடுத்த தாளில் இரண்டு நீளமும் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சொல்லை வாங்காதீர்கள், எண்ணை வாங்குங்கள்.

24 பிப்ரவரி 2024

அம்மா போனில் அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அழுகை இல்லை, பார்சல் வந்தது. கடுகுத் தலையணை. வெள்ளை மல் துணியில் அரைக் கிலோ கடுகைப் போட்டுத் தைத்து, நடுவில் குழி விட்டு, என் அம்மா அனுப்பினார். அத்தை ஒரு படி மேலே: "தூளியில போட்டிருந்தா இதெல்லாம் வந்தே இருக்காது. எம் பசங்க மூணு பேர் தலையும் பாரு, உருண்டைக் கத்திரிக்கா." தினமும் எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டி விடவில்லை என்பது தனிக் குற்றப்பத்திரிகை.

அப்போது சண்டை போட்டேன். இப்போது யோசித்தால் அத்தை சொன்னதில் பாதி சரி. தூளியில் தட்டையான பரப்பே கிடையாது, பாரம் ஒரே இடத்தில் நிற்காது. அதோடு அந்தக் காலத்தில் பிள்ளைகளை இடுப்பிலும் மடியிலும்தான் வைத்திருந்தார்கள். எங்கள் பாப்பா கார் சீட்டில் இருந்து தள்ளுவண்டிக்கு, அதிலிருந்து ஆட்டும் நாற்காலிக்கு, அதிலிருந்து கட்டிலுக்கு. எல்லாவற்றிலும் பின்மண்டை எதன்மீதாவது.

மீதிப் பாதிதான் சிக்கல். இங்கே மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1991 கடைசியில் பிரிட்டனில் அந்தப் பிரசாரத்தை ஆரம்பித்தார்கள், அமெரிக்காவில் 1994இல். அதற்கு முன்னால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் குழந்தைகள் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்தார்கள். இப்போது அதில் ஒரு சின்னப் பங்குதான். தட்டைத் தலை அதன் பின்னாலேயே வந்த பக்கவிளைவு. இரண்டு மாதக் குழந்தைகளைக் கனடாவின் கால்கரியில் அளந்தபோது பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் தட்டை இருந்தது, பெரும்பாலும் லேசு. உயிருக்கு மண்டை வடிவத்தைக் கொடுத்திருக்கிறோம். நல்ல பேரம்தான். அதனால் தட்டை குறையட்டும் என்று இரவில் குப்புறப் போடாதீர்கள், தலையணை எதுவும் வைக்காதீர்கள், கடுகானாலும் சரி, கடையில் விற்கும் "தலை உருட்டும்" தலையணையானாலும் சரி. ஹெல்த் விசிட்டர் எங்கள் கடுகுத் தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது, சமையலறையில் வையுங்கள்" என்றார். வைத்தோம். 2020 ஊரடங்கில் கடையில் கடுகு கிடைக்காதபோது பிரித்துத் தாளித்தேன்.

எண்ணெய் தேய்ப்பது வேறு, தலையை அமுக்கி உருட்டுவது வேறு. முதலாவதை அத்தை வந்தபோது செய்தார், பாப்பாவும் நானும் சொக்கிப்போனோம். இரண்டாவதைச் செய்ய விடவில்லை நான்.

தலையின் வடிவம் மனிதர்களைப் படுத்தியது இன்று நேற்றல்ல. பெருவில் பராகாஸ் மக்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் குழந்தைத் தலையைத் துணியால் கட்டி வேண்டுமென்றே நீட்டியிருக்கிறார்கள். அங்கே உருண்டைத் தலைப் பிள்ளையைப் பெற்ற அம்மாவுக்கு மாமியார் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன்.

2 மார்ச் 2024

கிராய்டன் அப்பா திரும்ப எழுதியிருக்கிறார். ஜி.பி. தடவிப் பார்த்தாராம், இணைப்புகள் திறந்துதான் இருக்கின்றன. கழுத்து இடது பக்கம் திரும்புவதில் "கொஞ்சம் சோம்பல்". என்.எச்.எஸ். பிசியோவுக்கு எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். தனியாக ஒரு தடவை பார்த்துப் பயிற்சி கற்றுக்கொண்டார்கள். "சரி, இப்போது தேதியைச் சொல்லுங்கள்" என்கிறார்.

நான் திரும்ப அதே இடத்தில் நின்றால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன், அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை. இன்றிலிருந்து ஆறு வாரம் கழுத்துப் பயிற்சியை ஒவ்வொரு டயப்பருக்கும் செய்வேன். கட்டிலில் தலைமாடு கால்மாடு மாற்றுவேன், அவன் பார்க்க விரும்பும் கதவும் ஆளும் தட்டை இல்லாத பக்கம் வருகிற மாதிரி. விழித்திருக்கும்போது குப்புற, தரையில் கத்தினால் என் நெஞ்சின் மேல். கார் சீட் காரில் மட்டும். அப்புறம் அதே ஆள் அதே கருவியால் திரும்ப அளக்கச் சொல்வேன். எண் இறங்கியிருந்தால் காசு பத்திரம். அசையவே இல்லை, கழுத்து சரியான பிறகும் நடுத்தரத்தின் மேல்முனையிலேயே நிற்கிறது என்றால் ஆறரை மாதத்தில் உட்கார்ந்து பேசுவேன். ஆறுக்கு மேல் போனால் கதவு சாத்திவிடும் என்பது விற்பவர் பேச்சு. அமெரிக்காவில் இந்தக் கருவிக்கு அனுமதி இருப்பதே மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை. ஆனால் வளர்ச்சி குறையக் குறைய பலனும் குறையும், ஒரு வயதுக்குப் பிறகு ஆரம்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மூளைக்கு ஏதாவது ஆகுமா என்பது கடைசிக் கேள்வி. மூளை வளர இடம் இருக்கிறது, வேறு வடிவத்தில். நடுத்தரத்துக்கு மேல் தட்டை இருந்த குழந்தைகள் பள்ளி வயதுச் சோதனைகளில் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்குவதாக அமெரிக்க ஆய்வுகள் உண்டு. ஆனால் தட்டையால் பின்தங்கினார்கள் என்று அர்த்தமில்லை. அசைவு குறைவாக இருக்கும் குழந்தை ஒரே பக்கம் அதிகம் படுக்கும், தலை தட்டையாகும், அந்த அசைவுக் குறைவே பின்னால் வேறு இடத்தில் தெரியும். ஹெல்மெட் தலையை உருட்டலாம், இதை மாற்றுமென்று யாரும் காட்டியதில்லை. குழந்தை ஒரு பக்கக் கையைக் குறைவாக நீட்டுகிறானா, தலை நிற்கத் தாமதமா, அதைக் கவனியுங்கள். அதற்குத் தனியாக டாக்டரைப் பாருங்கள்.

9 மார்ச் 2024

மொட்டை போட்டபோது என்ன ஆயிற்று என்று ஒரு மதுரைக்காரர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

பதினோராவது மாதம் ஊருக்குப் போனோம், குலதெய்வம் கோயிலில் மொட்டை. முடி மறைத்ததெல்லாம் வெளியே வரும் நாள். ஹெல்மெட் கழற்றியபோது 6 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது, 149க்கு 143. அளவுகோலில் லேசு. எனக்கு மட்டும் கையெல்லாம் வியர்த்தது. இரண்டு லட்சத்தின் தீர்ப்பு ஒரு சவரக் கத்தியில். அத்தைக்கும் பொறுக்கவில்லை, முடி எடுப்பவரிடம் கேட்டேவிட்டார்: "ஏம்ப்பா, நீ எத்தனை தலை பாத்திருப்ப, இது கோணலா இருக்கா?" அவர் நிமிரவே இல்லை. "அதெல்லாம் தெரியாதும்மா, ஆட்டாம புடிச்சுக்கங்க."

சந்தனம் பூசியதும் ஒன்றும் தெரியவில்லை. மாலையில் காய்ந்து உதிர்ந்ததும், எனக்குத் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் மட்டும். வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

11 ஏப்ரல் 2024

கிராய்டன் அப்பா ஒற்றை வரி எழுதியிருக்கிறார்: "ஆறு வாரத்தில் 13 இருந்தது 10 ஆனது. ஆனாலும் போட்டுவிட்டோம். மனைவிக்குத் தூக்கம் வரவில்லை."

இவ்வளவு எழுதியும் போட்டுவிட்டார்களா என்று முதலில் சுருக்கென்றது. அப்புறம் என் கோப்பை நினைத்துக்கொண்டேன். நான் போட்டதும் தூக்கத்துக்காகத்தான். அவர்களாவது கழுத்தைப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறார்கள். ஜூலையில் வெயில் ஏறினால் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

17 நவம்பர் 2024

இந்தப் பக்கத்தை மறந்தே போயிருந்தேன், நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முன்பணம் கட்ட வைத்த அன்று அவர்கள் சொன்ன ஒரு வரி எனக்குள் ஒட்டிக்கொண்டு இருந்தது: "காது சமமாக இல்லையென்றால் பின்னால் கண்ணாடி நேராக உட்காராது." அப்போது கண்ணாடி போட்ட ஐந்தரை வயதுப் பெண்ணைக் கற்பனை செய்து, அவள் வகுப்பில் தலைகுனிந்து நிற்பதுவரை ஓட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது அவளுக்கு ஏறக்குறைய ஆறு வயது. பள்ளியில் கண் சோதித்தார்கள், கண்ணாடி வேண்டுமாம். நேற்று கடைக்குப் போனோம். ஊதா நிறச் சட்டம், அவளே எடுத்தாள். போட்டதும் இடது பக்கம் துளி மேலே நின்றது. என் வயிறு பிசைந்தது.

கடைக்காரப் பெண் ஒன்றும் சொல்லாமல் சட்டத்தைக் கழற்றி, காதுக் கம்பியைச் சூடு காட்டி லேசாக வளைத்து, திரும்ப மாட்டினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நேராக உட்கார்ந்தது. "எல்லோருக்கும் இப்படிச் செய்வீர்களா?" என்று கேட்டேன். "ஏறக்குறைய எல்லோருக்கும்" என்றாள்.

என் வீட்டுக்காரரும் அன்றைக்கே புதுக் கண்ணாடி வாங்கினார். தூளியில் வளர்ந்த, உருண்டைக் கத்திரிக்காய்த் தலை. அவருக்கு இரண்டு தடவை வளைக்க வேண்டியிருந்தது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.